போலந்தின் நவீன அறையிசை: ஒரு மறதியும் அதன் காரணங்களும்

போலந்து நாட்டின் இசை என்றதும் பெரும்பாலோர் நினைவில் எழுவது சொப்பினின் பெயர் ஒன்றே. அவர் 1849 இல் பாரிசிலே காலமானார். இருபதாம் நூற்றாண்டு இசையிற் பரிச்சயமுடையோர் லுத்தொஸ்வாவ்ஸ்கி, பெண்டெரெட்ஸ்கி ஆகிய இருவரையும், அவர்களோடு குரெட்ஸ்கியையும் அறிந்திருப்பர். சொப்பினுக்கும் இவர்களுக்குமிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அவ்விடைவெளி வெறுமையானதன்று. சிறப்பாக, 1917 இலிருந்து 1965 வரையுள்ள காலத்திலே போலந்து இசையமைப்பாளர்கள் ஆக்கிய அறையிசையானது, அக்காலத்தில் ஹங்கேரிய இசைஞரான பார்ட்டொக்கும் சோவியத் நாட்டின் ஷொஸ்தகோவிச்சும் ஆக்கியவற்றோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்கது. ஆயினும் அண்மைக்காலம் வரை இசையரங்குகளிலோ இசை வரலாற்று நூல்களிலோ அது உரிய இடத்தைப் பெறவில்லை. இம்மறதி எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. தரமானது தானே நிலைக்கும், நிலையாதது தரமற்றது என்பது ஒன்று. இது கலைப்படைப்பினை அதன் சமூக இருப்பிலிருந்து பிரித்து நோக்குவதால் எழும் மயக்கமாகும். எல்லாவற்றையும் போர் அழித்துவிட்டது என்பது மற்றையது. இதில் உண்மை உண்டு. ஆனால் முழுமை இல்லை. நாசிகள் அழித்தவை போக எஞ்சியவற்றுட் சில, மக்களின் பெயராற் பேசியோராலேயே ஒதுக்கப்பட்டன. வேறு சில, மேற்குலகின் இசைச் சந்தையினாற் புறக்கணிக்கப்பட்டன. முற்போக்கு நோக்குடைய நாம் இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றையதை மழுப்பிச் செல்லுதல் நேர்மையாகாது.

அறையிசை என்று நாம் இங்கு குறிப்பிடுவது, இரண்டு முதல் ஏறத்தாழ ஒன்பது வரையான வாத்தியக்காரர் சேர்ந்து வாசிக்கும் ஐரோப்பிய இசை வடிவத்தையாகும். பெருங் குழுவிசையிற் பதினாறு வயலின்கள் ஒரே வரியை வாசிக்கலாம். அறையிசையிலோ ஒவ்வொரு வரிக்கும் ஒருவரே உண்டு. குழுவை நெறிப்படுத்தக் கோலேந்தி நிற்பவரும் இல்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ சேர்ந்த நால்வர் இசையே இவ்வகையில் முதன்மையானது. அரச மாளிகைகளிலும் பிரபுக்களின் இல்லங்களிலும் பிறந்த இவ்வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக் கூடங்களுக்குப் பரவி, பின்னர் பொது அரங்குக்கு வந்தது. இப்பிறப்பு வரலாற்றைக் காட்டி இதனைப் 'பூர்ஷ்வாக் கலை' என ஒதுக்கியோர் உளர். பிறந்த இடத்தைக் கொண்டே ஒரு வடிவத்தின் பயனைத் தீர்மானிக்கலாமா என்பதற்குப் பின்வரும் செய்திகள் விடை கூறும்.

அறையிசை எளிதில் மறக்கப்படுவதற்கு அதன் உற்பத்தி முறையிலேயே ஒரு காரணம் உண்டு. இசை நாடகத்துக்கும் பெருங் குழுவிசைக்கும் அரங்கு, நிர்வாகம், அரச மானியம், பத்திரிகை விமர்சனம் ஆகிய யாவும் தேவை. ஆகையால் அவை நிறுவனங்களில் தடம் பதித்துச் செல்கின்றன. நால்வர் இசைக்கு வேண்டியவை நான்கு மனிதரும் சில தாள்களும் மட்டுமே. அச்சேறாவிடின் அத்தாள்கள் உலகில் ஒரு பிரதியாகவே இருக்கும். அந்த ஒரு பிரதி எரிந்தால் ஆக்கமும் எரிந்துபோகும். ஆனால் இதே எளிமைதான் அடக்குமுறைக் காலத்தில் அறையிசையை உயிரோடு வைத்திருந்தது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

1795 இலிருந்து 1918 வரை போலந்து என்றொரு அரசு ஐரோப்பிய வரைபடத்தில் இருக்கவில்லை. ருஷியா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்றும் அந்நாட்டைப் பங்கிட்டு ஆண்டன. ஆகவே தேசிய இசை நிறுவனங்கள் மெதுவாகவும் சிதறுண்டும் வளர்ந்தன. இந்நிலையிலே தோன்றியவர் கரோல் சிமனோவ்ஸ்கி (1882 - 1937). இன்றைய உக்ரேனின் தைமொஷூவ்காவில் நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1917 இல் எழுதிய முதலாவது நால்வர் இசையின் இறுதிப் பகுதியில் நான்கு வாத்தியங்களுக்கும் நான்கு வேறு ஆதார சுரங்களை வகுத்தார். நால்வரும் ஒரே உரையாடலில் நான்கு மொழிகளிற் பேசுவது போன்ற இவ்வுத்தி நையாண்டி நோக்குடையதேயெனினும், பழைய ஒத்திசைவு முறை இனிப் போதாது என்ற உணர்வையும் அது காட்டிற்று. அவ்வாண்டிலேதான் புரட்சி அக்குடும்பத்தின் மாளிகையையும் அழித்தது. நாடு விடுதலை பெற்றபின் அவர் தாத்திரா மலைப்பகுதி மக்களின் இசையை நாடிச்சென்று அதன் கூறுகளை 1927 இல் எழுதிய இரண்டாவது நால்வர் இசையிற் கையாண்டார். சிமனோவ்ஸ்கி மறக்கப்பட்டவரல்லர், பின்வந்தோருக்கு வாயில் திறந்தவர் என்ற வகையிலேயே அவரை இங்கு குறிப்பிட்டோம்.

மறக்கப்பட்டோருள் முதலில் வைத்து எண்ணப்பட வேண்டியவர் யூசெப் கொஃப்லர். 1896 இல் ஸ்திரீ என்ற சிறு நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், வியன்னாவிற் பயின்று, இன்று உக்ரேனின் லிவிவ் என வழங்கும் லுவூவ் நகரில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். ஆர்னோல்ட் ஷேன்பேர்க் வகுத்த பன்னிரு சுர முறையைப் போலந்தில் முதன்முதற் கையாண்டவர் இவரே. சுரத்தானங்கள் பன்னிரண்டையும் ஏற்றத்தாழ்வின்றி ஒரு நிரலில் அமைத்து, அந்நிரலிலிருந்தே முழு ஆக்கத்தையும் கட்டியெழுப்புவது அம்முறையாகும். ஆதார சுரம் என்ற தலைமையை அது ஏற்பதில்லை. இம்முறையைக் கையாண்ட பலரின் ஆக்கங்களில் ஒருவித இறுக்கம் காணப்படும். கொஃப்லரிடமோ அதற்கு மாறான தெளிவும் எளிமையும் உள. 1928 இல் அவர் எழுதிய மூவர் இசை, 1931 இல் ஒக்ஸ்போர்ட்டில் நடைபெற்ற சர்வதேச சமகால இசைச் சங்கத்தின் விழாவில் வாசிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 'அன்பு' என்ற பெயரில், ஒரு குரல், கிளாரினெற், வியோலா, செலோ ஆகிய நான்குக்குமாக ஓர் ஆக்கத்தைச் செய்தார். அன்பைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியே அதன் வாசகம். பன்னிரு சுர முறை மனித உணர்வுக்குப் பகையானது என்போர் இவ்வாக்கத்தைக் கேட்டபின் தம் கூற்றை மீள்பரிசீலனை செய்யவேண்டியிருக்கும் என்பது எமது துணிபு.

கொஃப்லரின் முடிவு கொடியது. 1941 இல் ஜேர்மானியப் படைகள் லுவூவ் நகரைக் கைப்பற்றின. அவர் மனைவியோடும் மகனோடும் வியெலிச்காவின் யூதக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். பின்னர் கிரொஸ்னோ நகரை அண்டி மறைந்து வாழ்ந்தபோது, 1944 இல் மூவரும் கொல்லப்பட்டனர். அவரது கையெழுத்துப் பிரதிகளுட் பெரும்பகுதியும் அவரோடு மறைந்தது.

ஆக்கிரமிப்புக்குட்பட்ட வார்சோவின் நிலையைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து. போலந்து மக்களுக்கு உயர் பண்பாடு தேவையில்லை என்பது நாசிகளின் கொள்கை. இசைக் கல்லூரி மூடப்பட்டது. பெருங் குழுக்கள் கலைக்கப்பட்டன. சொப்பினின் இசை தடைசெய்யப்பட்டது. இசைஞருக்கு எஞ்சிய இடம் தேநீர்ச்சாலைகளே. லுத்தொஸ்வாவ்ஸ்கியும் அந்திரே பனூஃப்னிக்கும் இரண்டு பியானோக்களில் அமர்ந்து அங்கே வாசித்துப் பிழைத்தனர். அவர்கள் இருவருமாகச் செய்த சுமார் இருநூறு தழுவல்களுள் பகனினியின் கருப்பொருள் மீதான 1941 ஆம் ஆண்டு ஆக்கம் ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான பொலெஸ்வாவ் வொய்த்தோவிச் நடத்திய தேநீர்ச்சாலை நல்ல அறையிசைக்குப் புகலிடமாயிற்று. இவற்றுக்கு அப்பால், தனியார் வீடுகளில் இரகசிய இசையரங்குகள் நடைபெற்றன. பத்துப் பதினைந்து பேர் ஓர் அறையிற் கூடி, தெருவிற் காலடி ஓசை கேட்கின்றதா எனச் செவிசாய்த்தவாறே புதிய ஆக்கங்களைக் கேட்டனர். 'பூர்ஷ்வாக் கலை' எனப்பட்டது இங்கே எதிர்ப்பின் வடிவமாயிற்று. நூறு பேர் வாசிக்கும் பெருங் குழுவை மறைத்துவைக்க முடியாது, நால்வரை மறைக்கலாம்.

அவ்வரங்குகளுள் ஒன்றிலே, 1944 ஜூன் மாதத்தில், கொன்ஸ்தாந்தி ரெகாமேயின் ஐவர் இசை முதன்முதலாக வாசிக்கப்பட்டது. கிளாரினெற், பசூன், வயலின், செலோ, பியானோ ஆகியவற்றுக்காக 1942 இலிருந்து 1944 வரை எழுதப்பட்ட இவ்வாக்கம், பன்னிரு சுர நிரலை எடுத்துக்கொண்டு அதனைச் சுவையும் துடிப்பும் மிக்க மாறுபாடுகளாக விரித்துச் செல்கின்றது. கெடுபிடியிடையே எழுதப்பட்ட ஓர் ஆக்கத்தில் இத்துணை நகைச்சுவை எவ்வாறு இடம்பெற்றது என வியக்கவே தோன்றுகின்றது. ரெகாமே இசைக் கல்லூரியிற் பயின்று இசையமைப்பாளரானவரல்லர். அவர் வார்சோப் பல்கலைக்கழகத்தில் வடமொழி பயின்று கற்பித்த கீழைத்தேயவியலாளர். மகாயான நூலான சமாதிராஜ சூத்திரத்தின் மூன்று அதிகாரங்களை மொழிபெயர்த்து, அதன் தத்துவத்தை ஆராய்ந்து 1938 இல் வார்சோவில் நூலாக வெளியிட்டார். பௌத்த ஆய்வாளர் இன்றும் எடுத்தாளும் நூல் அது. எம்மவருட் பௌத்த தத்துவம் பயின்ற சிலர் இப்பெயரை அடிக்குறிப்புகளிற் கண்டிருத்தல் கூடும். அவர் ஓர் இசையமைப்பாளர் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. போருக்குப்பின் சுவிற்சலாந்தின் லோசான் நகரிற் பேராசிரியராக வாழ்ந்து 1982 இல் அவர் மறைந்தார். போலந்துக்கு அவர் வெளியே இருந்தார். சுவிற்சலாந்துக்கு வெளியிலிருந்து வந்தவராக இருந்தார். இரு நாட்டு இசை வரலாற்று நூல்களும் அவரை ஓரத்திலேயே வைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

1944 ஓகஸ்ற் முதலாந் திகதி தொடங்கிய வார்சோ எழுச்சி 63 நாட்களின் பின் தோல்வியுற்றது. நகரை நாசிகள் திட்டமிட்டு எரித்தனர். கிரசின்ஸ்கி நூலகக் கட்டிடத்திற் சேர்த்துவைக்கப்பட்டிருந்த தேசிய நூலகத்தின் அரிய கையெழுத்துப் பிரதிகளும் பழைய இசைப் பிரதிகளும் அவ்வாண்டு ஒக்ரோபரிற் சாம்பலாயின. பனூஃப்னிக் அதுவரை எழுதிய யாவற்றையும் இழந்தார். 1934 இல் மாணவராக இருந்தபோது எழுதிய பியானோ மூவர் இசையை 1945 இல் நினைவிலிருந்து மீள எழுதினார். இன்று நாம் கேட்பது அந்த மீட்டெழுதிய வடிவமே.

இத்தகைய செய்திகள் வாசகரிடத்து ஒருவகை உணர்ச்சிப் பெருக்கை எழுப்புதல் இயல்பு. இவ்விடத்தில் சிமோன் லாக்ஸ் என்பாரின் எச்சரிக்கையை முன்வைத்தல் தகும். 1901 இல் வார்சோவிற் பிறந்து பாரிசிற் குடியேறிய லாக்ஸ், 1942 இல் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, பிர்க்கெனாவில் கைதிகளின் வாத்தியக்குழுவுக்குத் தலைமைதாங்க நேர்ந்தது. உயிர்தப்பி வந்தபின் 1948 இல் வேறொருவரோடு சேர்ந்து வெளியிட்ட நினைவு நூலில், முகாமில் இசை எவரையும் தேற்றவில்லை என்பதை அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். கைதிகளை வேலைக்கு அணிவகுத்து நடத்திச் செல்லப் பயன்பட்ட கருவிகளுள் இசையும் ஒன்று என்பதே அவர் சாட்சியம். கலை எப்போதும் விடுதலை செய்யும் எனப் பொதுப்பட மொழிவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். வார்சோவின் இரகசிய அறையில் எதிர்ப்பாக இருந்தது பிர்க்கெனாவின் வாயிலிலே அடிமைத்தளையாயிற்று. இசையை யார், எந்நிலையில், எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதே வேறுபாடு. லாக்ஸின் முதலிரு நால்வர் இசைகளும் போரில் தொலைந்தன. விடுதலையான 1945 ஆம் ஆண்டிலேயே அவர் மூன்றாவதை எழுதினார். போலந்து நாட்டார் மெட்டுக்களை ஆதாரமாகக் கொண்ட அவ்வாக்கத்தில் முகாமைப் பற்றிய நேர்முகக் குறிப்பு எதுவும் இல்லை.

போருக்குப் பின்னர் அமைந்த மக்கள் குடியரசு இசைக்குச் செய்த பணி சிறிதன்று. 1945 இலேயே கிராக்கோவில் ததேயுஷ் ஒக்லெவ்ஸ்கியின் தலைமையில் அரச இசைப் பதிப்பகம் நிறுவப்பட்டது. சிதைந்த நாட்டில், உணவுக்கே தட்டுப்பாடு நிலவிய காலத்தில், நால்வர் இசைகள் அச்சேறின. முதலாளித்துவ நாடுகளில் இலாபம் தராது எனக் கைவிடப்பட்டிருக்கக்கூடிய பல ஆக்கங்கள் இதனாலேயே பிழைத்தன. இதை மறந்து அக்காலத்தை முற்றும் இருண்டதாகச் சித்திரிப்பது வரலாறாகாது.

ஆனால் அதே அரசுதான் 1949 ஓகஸ்ற் மாதம் வாகூவ் என்ற ஊரில் இசையமைப்பாளரின் மாநாடு ஒன்றைக் கூட்டியது. கலாசாரத் துணை அமைச்சர் சொகோர்ஸ்கி அங்கே சோஷலிச யதார்த்தவாதத்தை இசைக்குரிய நெறியாக முன்வைத்தார். 'உருவவாதம்' என்ற சொல் அன்றிலிருந்து குற்றச்சாட்டாயிற்று. லுத்தொஸ்வாவ்ஸ்கியின் முதலாவது சிம்பனி மேடையிலிருந்து அகற்றப்பட்டது. 1948 இல் லண்டன் ஒலிம்பிக் விழாவின் கலைப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற துர்ஸ்கியின் ஆக்கமும் கண்டனத்துக்குள்ளாயிற்று. சொல்லற்ற இசையில் எது உருவம், எது உள்ளடக்கம் என்ற கேள்விக்கு அம்மாநாடு விடை கண்டதாகத் தெரியவில்லை. பாட்டுக்கு வாசகம் உண்டு. நால்வர் இசைக்கு வாசகம் இல்லை. வாசகமற்றதைச் சோதனையிட முடியாத அதிகாரம் அதன் வடிவத்தையே குற்றமெனக் கொண்டது. உருவம், உள்ளடக்கம் என்ற இருமையை இலக்கிய விமர்சனத்தில் நாமும் ஓயாது கையாண்டு வந்துள்ளோம் என்பதால் இது எமக்கு வெறும் அந்நிய நாட்டுச் செய்தியன்று.

இச்சூழலுக்குள் நின்று எழுதிய கிரஜினா பாட்செவிச் (1909 - 1969) எமது விசேட கவனத்துக்குரியவர். லோட்ஸ் என்ற நெசவாலை நகரில், லித்துவேனியத் தந்தைக்கும் போலந்துத் தாய்க்கும் பிறந்தவர். உடன்பிறந்தாருள் ஒருவரான வித்தாவுத்தாஸ் லித்துவேனிய இசையமைப்பாளராகவே தம்மை இனங்கண்டார். ஒரு வீட்டில் இரு தேசிய அடையாளங்கள்! கிரஜினா வார்சோவிலும், பின்னர் பாரிசில் நாடியா பூலாஞ்சேயிடமும் பயின்றார். 1936 முதல் 1938 வரை போலந்து வானொலி வாத்தியக்குழுவில் முதல் வயலினாக அமர்ந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் இரகசிய அரங்குகளில் வாசித்தார். அவர் எழுதிய நால்வர் இசைகள் ஏழு. பியானோ ஐவர் இசைகள் இரண்டு. இவற்றை எழுதிய கை வயலினைப் பிடித்த கை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் புலனாகும். நரம்பின் மீது வில் எங்கே அழுந்தும், விரல் எங்கே இயல்பாகச் செல்லும் என்பதை உள்ளிருந்து அறிந்த எழுத்து அது.

1951 இல் அவர் எழுதிய நான்காவது நால்வர் இசை, அவ்வாண்டு பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதற் பரிசு பெற்றது. சோஷலிச யதார்த்தவாதம் உச்சத்தில் இருந்த காலம் அது. நாட்டார் இசையைப் பயன்படுத்துக என்பது கட்டளை. பாட்செவிச் அதனை மீறவில்லை, அதற்கு அடங்கவுமில்லை. மெட்டை எடுத்து அலங்கரித்து வைப்பதற்குப் பதிலாக, நாட்டார் நடனத்தின் தாள அசைவையும் அழுத்தத்தையும் எடுத்து நால்வரின் உரையாடலுக்குள் இழைத்தார். 1952 இல் எழுதிய முதலாவது பியானோ ஐவர் இசையில் இது மேலும் தெளிவு. இரண்டாம் பகுதி ஒபெரெக் எனப்படும் மசோவியச் சமவெளியின் விரைந்த மும்மைத்தாள நடனம். உழவரின் காலசைவு அதில் உண்டு. ஆனால் சுற்றுலாக் காட்சியின் இனிப்பு இல்லை. அது ஓய்ந்ததும் மூன்றாம் பகுதி மிக மெதுவாக, பியானோவின் கனத்த ஒத்திசைவுகளோடு தொடங்குகின்றது. எழுச்சி தோற்று எட்டாண்டுகளே கழிந்த வார்சோவில் அதைக் கேட்டவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. உற்சாகமே வேண்டும் என்று விதித்தோரின் காலத்தில், அச்சோகத்தை அவர் எவரிடமும் அனுமதி பெறாது எழுதினார். எமது நோக்கில், போருக்குப் பிந்திய ஐரோப்பிய அறையிசையின் உன்னதப் பகுதிகளுள் இது ஒன்று.

பாட்செவிச் தம் நாட்டில் ஒருபோதும் மறக்கப்பட்டவரல்லர். பரிசுகள் பெற்றார், இசையமைப்பாளர் சங்கத்திற் பொறுப்புகள் வகித்தார். மேற்குலகே அவரை அறியவில்லை. அதற்கான காரணம் 1956 இன் பின் நிகழ்ந்த மாற்றத்தில் உளது. அவ்வாண்டு 'வார்சோ இலையுதிர்கால' இசை விழா தொடங்கிற்று. கெடுபிடிகள் தளர, பெண்டெரெட்ஸ்கி போன்ற இளைஞர் ஓசையின் நிறத்தையும் திரட்சியையும் முதன்மைப்படுத்திய துணிகரமான ஆக்கங்களோடு வந்தனர். மேற்கத்திய விழாக்களும் பதிப்பகங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் இதையே 'போலந்துப் பாணி' என முத்திரை குத்தி விற்றன. இரும்புத் திரைக்குப் பின்னாலிருந்து வெடித்தெழுந்த புதுமை என்ற கதை அவற்றுக்கு வாய்ப்பாயிருந்தது. அக்கதையில் 1956 க்கு முன்னர் எதுவும் இருக்கக்கூடாது. கட்டுக்கோப்பான நான்கு பகுதிகளில், நடனத் தாளத்தோடு, செம்மையாக எழுதிய ஒரு பெண்ணுக்கு அதில் இடமில்லை. பாட்செவிச்சும் 1960 இல் எழுதிய ஆறாவது நால்வர் இசையில் பன்னிரு சுர முறையைத் தொட்டுப் பார்த்தார். ஆயினும் அவர் தமது இயல்பைப் பெரிதும் மாற்றிக்கொள்ளவில்லை. கிழக்கில் 'உருவவாதம்' என்றும், மேற்கில் 'பழைமை' என்றும் இரு சொற்கள் ஒரே பணியைச் செய்தன.

நாட்டைவிட்டு நீங்கியோரின் நிலை வேறு. ரோமன் பலெஸ்தர் (1907 - 1989) போருக்குப் பிந்திய ஆண்டுகளில் முன்னணி இசையமைப்பாளராகக் கருதப்பட்டவர். 1947 முதல் பாரிசில் வாழ்ந்த அவர் 1951 இன் பின் முற்றாக ஒதுக்கப்பட்டார். அவர் ஆக்கங்கள் வாசிக்கப்படவில்லை; பெயரை அச்சிடவும் தடை. ம்யூனிக்கிலிருந்து ஒலிபரப்பான சுதந்திர ஐரோப்பா வானொலியிற் பணிபுரிந்தமை அத்தடையை இறுக்கிற்று. 1954 இல் இங்கிலாந்துக்குத் தப்பிய பனூஃப்னிக்கும் அவ்வாறே அழிக்கப்பட்டார். 1977 வரை அவரது இசை வார்சோ விழாவில் ஒலிக்கவில்லை. இவ்விருவரையும் வரவேற்ற மேற்குலகு அவர்களின் அரசியற் பயனை அறிந்த அளவு இசையை அறிந்ததாகக் கூறமுடியாது.

இன்று இந்நிலை மாறி வருகின்றது. 2009 இல், பாட்செவிச்சின் நூற்றாண்டையொட்டி, பியானோக் கலைஞர் கிறிஸ்தியான் சிமெர்மான் அவரது இரு ஐவர் இசைகளையும் வாசித்துப் பதிவுசெய்தார். சிலேசிய நால்வர் குழு ஏழு நால்வர் இசைகளையும் முழுமையாக ஒலிப்பதிவு செய்தது. கொஃப்லர் பற்றி மாசேய் கொவோம்ப் விரிவான ஆய்வு நூல் எழுதியுள்ளார். லாக்ஸின் ஆக்கங்களைக் கனடாவின் குழுவொன்று பதிவு செய்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒன்று எம்மை உறுத்துகின்றது. இசைத்தட்டு உறைகளில் முகாம், கொலை, தப்பியோட்டம் ஆகியன முன்னே நிற்க, இசை பின்னே நிற்கின்றது. துயரக் கதையால் விற்பனையாகும் ஆக்கம் கதை பழசானதும் மீண்டும் மறைந்துவிடும். கொஃப்லரின் மூவர் இசை 1931 இல் ஒக்ஸ்போர்ட்டில் ஒலித்தபோது எவரும் அவர்மீது இரங்கவில்லை, இசைக்காகவே கேட்டனர். அந்தச் செவியோடு இன்று கேட்பது கடினம்தான்.

மெச்சிஸ்வாவ் வைன்பேர்க் பற்றி இறுதியாகச் சில சொற்கள். 1919 இல் வார்சோவிற் பிறந்த இவர் 1939 இல் கிழக்கு நோக்கிக் கால்நடையாகத் தப்பி, மின்ஸ்க், தாஷ்கெந்து வழியாக 1943 இல் மொஸ்கோவை அடைந்தார். பெற்றோரும் தங்கையும் திராவ்னிக்கி முகாமிற் கொல்லப்பட்டனர். 1953 பெப்ரவரியிற் சோவியத் அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டு, ஸ்டாலினின் மறைவுக்குப்பின் விடுவிக்கப்பட்டார். ஷொஸ்தகோவிச் அவருக்காக எழுத்திற் பரிந்துரைத்திருந்தார். வைன்பேர்க் எழுதிய நால்வர் இசைகள் பதினேழு. அவரைப் போலந்தர் என்பதா, சோவியத் இசையமைப்பாளர் என்பதா என்ற விவாதம் இன்றும் நடைபெறுகின்றது. அவ்விவாதம் முடியுமுன் இரு நாட்டாரும் நெடுங்காலம் அவரை வாசியாது விட்டனர். அவரது முதலாவது நால்வர் இசை 1937 இல், பதினெட்டு வயது மாணவராக வார்சோவில் எழுதியது. 1985 இல், மொஸ்கோவில், அறுபத்தாறாவது வயதில், அதை எடுத்துத் திருத்தி மீண்டும் எழுதினார்.